பங்கிக்கும் லிஸிக்கும் என்ன வயது?

ஆ. மாதவனின் ‘புனலும் மணலும்’ பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்குசாமியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆற்றில் மணல் அள்ளிப் பிழைக்கும் அந்த மனுஷர், தங்கம்மையின் மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்தவர், அவளோடு கூட வந்த மகள் பங்கியை மட்டும் ஏன் கடைசிவரை வெறுத்தார் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. பங்கி செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவளுக்கு அழகில்லை, அவ்வளவுதான். 1974இல் வெளிவந்த இந்த நாவலை அண்மையில் மறுபடியும் எடுத்தேன். இந்த முறை அங்குசாமி பின்னுக்குப் போய்விட்டார். ஒரு பெண்பிள்ளை வளர்கிறாள். வீட்டிலுள்ள ஆணின் கண் தன் மேல் படும்போதெல்லாம் அதில் அருவருப்பு தெரிவதை அறிந்தபடியே வளர்கிறாள். வேலை செய்கிறாள், சோறு பொங்குகிறாள், அவரிடம் ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கிறாள். முடிவில் ஆறு அவளைக் கொண்டுபோகிறது. அங்குசாமியின் மனத்துக்குள் அத்தனை ஆழம் போன மாதவன், பங்கியின் மனத்துக்குள் ஒரு நாள் முழுதும் தங்கியிருந்தால் என்ன நாவல் கிடைத்திருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த நினைப்புதான்.

நான் இலக்கிய ஆய்வாளன் அல்ல. திருவனந்தபுரத்தின் சாலை கடைத்தெருவில் குடியிருந்து, கையில் கிடைக்கும் தமிழ்ப் புத்தகங்களை விட்டு விட்டு வாசிக்கிறவன். கொஞ்ச காலமாகப் பதின்பருவத்துப் பிள்ளைகள் வருகிற நாவல்களாகவே தேடி எடுத்து வாசித்தேன். இளையோர் நாவல் என்று அட்டையில் அச்சிட்டு வருகிறவை சில. அப்படி எதுவும் போடாமல், பெரியவர்களுக்கான இலக்கியம் என்றே மதிக்கப்பட்டு வந்தவை பல. இரண்டையும் ஒன்றாக வைத்து வாசித்ததில் எனக்கு ஒரு விஷயம் திடமாகப் பட்டது. பதினைந்து வயதைப் பற்றி எழுதுவதில் தமிழ் நாவலுக்குக் குறையே இல்லை. பதினைந்து வயதுக்காரர் கையில் கொடுத்து, இது உன் பக்கம் நின்று எழுதியது என்று சொல்லக்கூடியவைதான் மிகக் குறைவு. பழைய நாவல்களில் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். புதியவற்றில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொல்கிறார். நடுவில் பிள்ளைக்கு இடம் போதவில்லை.

சாலையில் இருந்துகொண்டு இதை யோசிப்பதற்குத் தனி நியாயம் உண்டு. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தக் கம்போளம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தர்மராஜா காலத்தில், திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. அன்று தொட்டு இங்கே தமிழ் வியாபாரிகளும் சுமட்டுத் தொழிலாளர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுபோனவர்கள் நாங்கள். சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி உண்டு. கிள்ளிப்பாலத்தில் தமிழ்ச் சங்கம் உண்டு. பாளையத்தில் 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பள்ளியில் இங்கிலீஷுமாகப் பேசிக்கொண்டு கடைக்குள்ளும் கடை வாசலிலும் வளரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கென்று ஒரு புத்தகம் கேட்டால்தான் கை தயங்குகிறது.

இத்தனைக்கும் தமிழ் நாவலின் முக்கியமான ஒரு கிளை இந்த ஊரில்தான் தழைத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சாலையில் பாத்திரக்கடை நடத்தியபடியே எழுதியவர் மாதவன். ‘கடைத்தெருக் கதைகள்’ முழுக்க இந்தத் தெருவின் மனிதர்கள்தாம்: பொறுக்கிகள், சுமட்டுக்காரர்கள், பிச்சைக்காரர்கள், அவர்களுக்கு நடுவே தெருவிலேயே வளர்ந்து பெரியவர்களான அநாதைப் பிள்ளைகள். 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதுவும் ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்கு. 2021 ஜனவரியில் காலமானார். நீல. பத்மநாபன் இந்த நகரத்துக்காரர். நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் அக்கறை வேறு உலகத்தில் இருந்தது, அவரிடம் பதின்பருவத்தைத் தேடிப் பயனில்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். இந்த நால்வரில், இளையோர் நாவல் என்ற பேச்சே தமிழில் இல்லாத காலத்தில் அசலான ஒன்றை எழுதிவிட்டவர் ஹெப்சிபாதான்.

1964இல் வெளிவந்த ‘புத்தம் வீடு’ பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பனைவிளை என்ற ஊர். ஒரு காலத்தில் செழித்து, இப்போது நொடித்துப்போன கிறிஸ்தவ நாடார் குடும்பம். கண்ணப்பச்சி என்ற தாத்தா. அவர் மடியில் வளர்ந்த பேத்தி லிஸி. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள் பெரியவளானதும் வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. அது அந்தக் குடும்பத்தின் வழக்கம், அவ்வளவுதான். நேற்றுவரை தனக்குச் சொந்தமாக இருந்த தெருவும் பனங்காடும் இன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே போய்விட்டன. பனையேறி அன்பையனின் மகன் தங்கராஜ் சின்ன வயதிலிருந்து தெரிந்தவன். இனி அவனோடு பேசக்கூடாது.

இந்த இடத்தை ஹெப்சிபா எழுதியிருக்கும் விதம்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. லிஸிக்காக அவர் அழுவதில்லை. சமூகத்தைத் திட்டி ஒரு பத்திகூட எழுதுவதில்லை. லிஸியின் வயதுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் சொல்கிறார். அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு கோபம், பிறகு வீட்டு வேலை, பைபிள், ஒன்றுபோலவே போகும் பொழுதுகள், அதற்குள் தானாக முளைக்கும் ஒரு ஆசை, அந்த ஆசைக்குச் சாதிக்குள்ளேயே இருக்கும் மேல் கீழ் குறுக்கே நிற்பது. சித்தப்பா மகள் லில்லிக்குப் படிப்பும் நல்ல வரனும் கிடைக்கின்றன. அவள்மேல் லிஸிக்கு வரும் பொறாமையையும் ஆசிரியை மறைப்பதில்லை. நல்ல பிள்ளையாகவே இருக்க வேண்டிய கட்டாயத்தை அவர் தன் கதாநாயகியின் மேல் சுமத்தவில்லை. கதையில் ஒரு கொலையும் வழக்கும் வருகின்றன. அந்தப் பகுதி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கதையை ஒரு கரைக்குக் கொண்டுவரச் செய்த ஏற்பாடாகவே தோன்றுகிறது. ஆனால் லிஸி தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கலாம் என்று உணரும் இடத்துக்கு வந்து சேர்வது, அவள் நடந்த ஒவ்வொரு அடியையும் நம்மையும் நடக்க வைத்த பிறகுதான். இது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. தமிழிலும் அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்திருக்கின்றன. எல்லாப் பதிப்பும் இதை ஒரு செவ்வியல் நாவலாகவே முன்வைக்கின்றன. அதில் தவறில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எடுத்து வாசிக்கட்டும் என்று நினைத்து வந்த பதிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை என்பதுதான் வருத்தம். அறுபது ஆண்டுகளாக அந்த வாசகி வெளியே நிற்கிறாள்.

நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் வந்தது. இரணியல் செட்டிமார் குடும்பத்தின் கதை, திரவி என்ற பையனின் கண்வழியே சொல்லப்படுகிறது. உண்ணாமலை ஆச்சி சொல்லும் பழங்கதைகள், சடங்குகள், திருவிழாக்கள் எல்லாம் முதலில் அவனுக்கு வேடிக்கை. அக்கா நாகுவைக் கட்டிக்கொடுத்த பிறகு, செவத்தபெருமாள் அவள் மேல் ஒரு பழி சுமத்தித் திருப்பி அனுப்பும்போது வேடிக்கை முடிகிறது. ஊர் முழுக்கத் தன் அக்காவின் உடம்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வளர வேண்டிய தம்பியின் வேதனையை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன நாவல் தமிழில் வேறு உண்டா என்று தெரியவில்லை. வழக்குமொழியின் அடர்த்தி சென்னைப் பிள்ளைக்குத் தடையாகலாம். சாலையில் வளர்ந்த பிள்ளைக்கு அது ஆச்சியின் குரலாகவே கேட்கும். நாகுவைத் திரவி பார்க்கிறான். அவள் உள்ளே என்ன நடந்தது என்பது அவனுக்கு எட்டவில்லை, நமக்கும் எட்டவில்லை. அக்காவுக்கு நேர்ந்ததற்குத் தம்பி சாட்சி. சாட்சி சொல்லும் பையன்கள் தமிழ் நாவலில் நிறைய உண்டு. 1937 முதல் 1939 வரையிலான கோட்டயத்தைச் சுந்தர ராமசாமி ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் எழுதியபோதும் பாலு அப்படித்தான் நிற்கிறான்: அப்பாவுக்குப் பயந்து, அம்மாவின் நோயைப் பார்த்து, வீட்டுக்கு வருகிறவர்களின் பேச்சைக் கேட்டு. பெரியவர்களின் உலகத்துக்கு வாசலாக இருப்பதே இந்தப் பையன்களின் வேலை. ‘பள்ளிகொண்டபுர’த்தில் அனந்தன் நாயரின் பிள்ளைகள் வளர்ந்து நின்று, தகப்பன் ஆயுள் முழுக்கச் சுமந்த நியாயத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள மறுக்கும்போது, ஒரு கணம் அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. நாவல் உடனே தகப்பனிடமே திரும்பிவிடுகிறது. அது தகப்பனின் நாவல், திரும்பத்தான் செய்யும்.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படியென்றால் எதை வாசித்தார்கள்? 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, பிறகு கோகுலம், முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், வாண்டுமாமா. அதைத் தாண்டியதும் நேராகப் ‘பொன்னியின் செல்வன்’. அல்லது தமிழ்வாணனின் சங்கர்லால். பிறகு சுஜாதா, ராஜேஷ்குமார். பன்னிரண்டு வயதில் வேதாளத்தை விட்டவர்கள் பதின்மூன்றில் வந்தியத்தேவனோடு குதிரை ஏறிவிட்டார்கள். அது நல்ல வாசிப்புதான். கல்கி இல்லாவிட்டால் தமிழில் வாசகர்களே இவ்வளவு பேர் உருவாகியிருக்க மாட்டார்கள். ஆனால் தன் வயதின் அவமானத்தையோ ஆசையையோ அந்தப் புத்தகங்களில் எந்தப் பிள்ளையும் தேடியிருக்க முடியாது. அமெரிக்காவில் எஸ்.ஈ. ஹின்டன் என்ற பெண் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தது. ‘புத்தம் வீடு’ வந்து மூன்று ஆண்டு கழித்து. ஏழைப் பையன்களும் பணக்காரப் பையன்களும் மோதிக்கொள்ளும் கதை. அதன் வெற்றியைப் பார்த்த பிறகே அங்கே இந்த வயதினருக்கென்று தனி அலமாரி உறுதியாக அமைந்தது. அலமாரி வந்ததும் எழுத்தாளர்கள் வந்தார்கள், நூலகர்கள் வந்தார்கள், விருதுகள் வந்தன. நமக்கு எழுத்து முதலிலேயே வந்துவிட்டது, அலமாரிதான் வரவில்லை.

நான் வாசித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000). கவுண்டர் ஒருவரின் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியப் பையன் கூளையன். அவனோடு அக்கம்பக்கத்துக் காடுகளில் மேய்க்கும் நெடும்பன், வவுறி, செவிடி. பண்ணையக்காரரின் மகன் செல்வன். இவர்கள் அத்தனை பேரும் சிறுவர் சிறுமிகள். மேய்ச்சல் காட்டில் பெரியவர்கள் இல்லை. ஆகவே அங்கே அவர்களுக்கென்று ஒரு நாடே இருக்கிறது: விளையாட்டு, திருட்டு, பயம், பனம்பழம், கிணற்றில் நீச்சல். செல்வனும் கூளையனும் அங்கே சிநேகிதர்கள்தாம். பொழுது சாய்ந்து கட்டுத்தறிக்குத் திரும்பியதும் ஒருவன் எஜமான், மற்றவன் ஆள். இரவில் வாசலில் படுத்துக்கொண்டு அடுத்த நாளை நினைக்கும் கூளையனுக்குத் தன் நிலையை விளக்கச் சொற்கள் கிடையாது. ஆசிரியரும் தன் சொற்களைக் கடன் கொடுப்பதில்லை. ஆட்டின் பெயர், செடியின் பெயர், வெயிலின் சூடு, பழைய சோற்றின் புளிப்பு ஆகியவற்றாலேயே அடிமைத்தனத்தைச் சொல்லிவிடுகிறார். பையன்களுக்கிடையில் சாதி எந்த நிமிஷத்தில் நுழைகிறது என்பதை இதைவிடக் கூர்மையாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் தாரா பதிப்பகம் 2004இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. இதே ஆசிரியர் 1993இல் எழுதிய ‘நிழல்முற்றம்’ சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களைப் பற்றியது. அதில் கஞ்சா உண்டு, வசவு உண்டு, உடம்பைச் சுரண்டும் பெரியவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அந்த வயதுப் பிள்ளைகள் அங்கே வேலை செய்திருக்கிறார்கள், அதே வயதுப் பிள்ளைகள் அதை வாசிக்கலாம். சாலையில் கடைப் பையன்களாக வந்து சேர்ந்தவர்களின் கதையும் இதற்குத் தூரமில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வந்து, கடையிலேயே படுத்து, கடையிலேயே மீசை முளைத்தவர்களை இந்தத் தெருவின் மூத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு ஒரு ‘நிழல்முற்றம்’ இன்னும் எழுதப்படவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் நடக்கும் கதைகளில் இரா. நடராசனின் ‘ஆயிஷா’வுக்கு இணையாக இன்னொன்று சொல்ல முடியவில்லை. கணையாழி குறுநாவல் போட்டியில் பரிசு பெற்று, பிறகு சிறு வெளியீடாகக் கை மாறிக் கை மாறிப் பரவியது. ஓர் அறிவியல் புத்தகத்துக்கு ஆசிரியை எழுதும் முன்னுரையாகக் கதை அமைந்திருக்கிறது. கேள்வி கேட்பதையே சுபாவமாகக் கொண்ட மாணவி. கேள்விக்கு அடியைப் பதிலாகத் தரும் வகுப்பறை. அடி வலிக்காமல் இருக்க வேண்டுமென்று மரத்துப்போகும் மருந்தைத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு அவள் சாகிறாள். வாசித்தவர்களில் ஆசிரியர்களே அதிகம். அழுதவர்களும் அவர்களே அதிகம். ஆயிஷாவின் கதையை ஆயிஷா சொல்லவில்லை, குற்றவுணர்வு கொண்ட ஆசிரியை சொல்கிறார் என்பது இப்போது எனக்கு உறுத்துகிறது. அந்தக் கதை ஆசிரியர்களைத் திருத்த எழுதப்பட்டது. அந்தக் காரியத்தை அது செய்தது. அவள் வயதுப் பெண் அதை வாசித்தால், கேள்வி கேட்டால் செத்துப்போவாய் என்ற பயம் மட்டுமே மிஞ்சுமோ என்று நான் யோசித்ததுண்டு.

இப்போது அட்டையில் பெயர் போட்டு வருகிற புதியவற்றுக்கு வருகிறேன். சாகித்திய அகாதெமி பால சாகித்திய புரஸ்கார் விருதைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு சிறார் எழுத்துக்கு ஒரு கவனம் கிடைத்திருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020 விருது), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ (2024), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025) என்று பட்டியல் நன்றாகவே இருக்கிறது. பாலபாரதியின் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலை, ஒரு மரப்பாச்சிப் பொம்மையைப் பேச வைத்து, பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது பெரிய காரியம். ‘ஆதனின் பொம்மை’ விடுமுறைக்குக் கீழடிக்குப் போகும் பையனை ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய சிறுவனோடு சேர்த்துவிடுகிறது. அகழாய்வுக் குழிக்குள் ஓட்டமும் கூட்டாளியும் இருப்பதாக ஒரு பிள்ளை உணர்வது எளிய விஷயமல்ல. சரவணனின் ‘கயிறு’ சின்னப் புத்தகம். பள்ளிப் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அறிக்கைகள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்வதில்லை, ‘கயிறு’ போய்ச் சேர்கிறது.

இவை எல்லாவற்றையும் மதித்துக்கொண்டே ஒன்று சொல்ல வேண்டும். இவற்றில் பலவும் பத்துப் பன்னிரண்டு வயதோடு நின்றுவிடுகின்றன. பிரச்சினையைத் தெரிந்துகொண்ட நல்ல பெரியவர் ஒருவர் கதைக்குள் எங்கேயோ காத்திருக்கிறார். பிள்ளை அவரிடம் போய்ச் சேர்ந்ததும் வழி கிடைத்துவிடுகிறது. பத்து வயதுக்கு அந்த ஆறுதல் தேவை. அதை எழுதுகிறவர்கள் பொறுப்போடுதான் எழுதுகிறார்கள். பதினாறு வயதுக்கு அது போதாது. அந்த வயதில் பிள்ளை தானே தவறு செய்கிறது, பொய் சொல்கிறது, சிநேகிதியைக் காட்டிக்கொடுக்கிறது, யாரிடமும் சொல்ல முடியாத ஆசை கொள்கிறது. சீண்டப்பட்டவளாக மட்டுமல்ல, சாதிக் கயிறு கட்டியவனாகவும் கதைக்குள் வர வேண்டும். கயிறு கட்டியவன் ஏன் கட்டினான், அதைக் கட்டியபோது அவனுக்கு என்ன பெருமை இருந்தது, அறுக்கும்போது எதை இழப்பான் என்று அவன் பக்கமிருந்து எழுத ஒருவர் வர வேண்டும். கூளையனையும் செல்வனையும் ஒரே கிணற்றில் இறக்கிய பெருமாள்முருகனுக்கு அது முடிந்தது. ஆனால் அவர் பிள்ளைகளுக்கென்று எழுதவில்லை.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. ராபியாவின் சிநேகிதமும் சிறு சாகசங்களும், வயசுக்கு வந்த பெண்களின் மேல் ஒவ்வொன்றாக இறங்கும் கட்டுப்பாடுகளும், வஹிதாவின் கல்யாணமும் ஒரே தெருவில் நடக்கின்றன. ‘புத்தம் வீடு’ வந்து நாற்பது ஆண்டு கழித்து, வேறொரு மதத்தில், வேறொரு ஊரில், அதே ஜன்னல். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும் பெண்பிள்ளைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பையன்களுக்கு அப்படி. குஞ்சன்வயலில் வளரும் ரொக்கிராஜ், தகப்பனின் அட்டூழியத்திலிருந்து தப்பியும் இயக்கத்தின் மேல் கொண்ட மோகத்திலும் துப்பாக்கி ஏந்தப் போகிறான். வீரமும் இல்லை, துரோகமும் இல்லை, நடுங்கும் வயிறும் அசட்டுக் கோபமும் கொண்ட ஒரு பையன் இருக்கிறான். ஈழத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கடந்த அந்த வயதை இத்தனை அருகில் நின்று சொன்ன நாவல் அது.

புலம்பெயர்ந்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடம் அலமாரி தயாராக இருந்தது. ஷியாம் செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ’ (2005) 1980ஆம் ஆண்டுக் கொழும்பில், கனடாவிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் மேல் காதல் கொள்ளும் பதினாலு வயது அம்ரித்தின் கதை, பதின்பருவத்தவருக்கென்றே எழுதப்பட்டது. பத்மா வெங்கட்ராமனின் ‘கிளைம்பிங் த ஸ்டெயர்ஸ்’ 1941இன் சென்னையில் மாடியிலுள்ள புத்தக அறைக்குப் போக ஏங்கும் வித்யாவைப் பற்றியது. அவருடைய ‘த பிரிட்ஜ் ஹோம்’ (2019) சென்னையில் பாழடைந்த பாலத்தின் மேல் வாழும் நான்கு பிள்ளைகளைப் பற்றியது. சென்னையின் குப்பைமேட்டுப் பிள்ளைகள் அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் வாசிக்கப்படுகிறார்கள். சில இடங்களில் அந்நிய வாசகருக்காக விளக்கிச் சொல்லும் தொனி எனக்கு நெருடியது. ஆனாலும் விஜி தன் அக்கா ருக்குவைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு ஓடுவது சரியா என்று அந்த நாவல் விசாரிப்பதில்லை. அவளோடு கூடவே ஓடுகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே.

மலையாளத்தின் பக்கம் பார்க்காமல் சாலையில் இந்தப் பேச்சை முடிக்க இயலாது. பஷீரின் ‘பால்யகால சகி’ (1944), எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘நாலுகெட்டு’ (1958) ஆகியவற்றை இங்கே பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாக எடுத்து வாசிக்கிறார்கள். மஜீதும் சுகறாவும் பிரியும்போது பிள்ளைகள் அழுகிறார்கள். தரவாட்டில் ஒதுக்கப்பட்ட அப்புண்ணியின் கோபம் பையன்களுக்குத் தங்கள் கோபமாகவே படுகிறது. பெரியவர்களின் இலக்கியம், பிள்ளைகளின் இலக்கியம் என்ற வேலி அங்கே அவ்வளவு உயரமில்லை. அதற்குக் காரணம் எழுத்து மட்டுமல்ல. 1945இல் பி.என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய கிரந்தசாலைச் சங்கம் ஊர்தோறும் வாசகசாலையைக் கொண்டுபோனது. அவர் மறைந்த ஜூன் 19 இன்றும் பள்ளிகளில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. குழந்தை இலக்கியத்துக்கென்றே கேரள அரசு 1981இல் நிறுவிய பாலசாகித்ய இன்ஸ்டிட்யூட் இதே திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. ‘பால்யகால சகி’ குளச்சல் யூசுஃபின் தமிழில் கிடைக்கிறது. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும் அந்த வழியும் பழையதுதான், பி.கே. பாலகிருஷ்ணனின் நாவலை ‘இனி நான் உறங்கட்டும்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம் பாத்திரக்கடைக்காரர் மாதவனே.

ஆகவே என் விருப்பங்கள் பெரியவை அல்ல, செய்ய முடியாதவையும் அல்ல. ‘புத்தம் வீடு’ பெரிய எழுத்தில், மலிவு விலையில், ஒரு பள்ளிப் பதிப்பாக வர வேண்டும். கல்வியாளரின் முன்னுரை வேண்டாம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுதிய இரண்டு பக்கம் முன்னால் இருந்தால் போதும். ‘கூளமாதாரி’யும் ‘தலைமுறைக’ளும் பள்ளி நூலகத்தில் ஆசிரியர் அலமாரியிலிருந்து பிள்ளைகள் அலமாரிக்கு இறங்க வேண்டும். பாலசாகித்ய இன்ஸ்டிட்யூட் மலையாளத்தில் போடும் இளையோர் புத்தகங்களில் ஆண்டுக்குச் சிலவற்றையாவது தமிழ்ச் சங்கம் தமிழில் கொண்டுவரலாம். இரண்டுக்கும் இடையில் ஒரு பஸ் பயணத் தூரம்தான். இன்னும் எழுதப்படாத நாவல்களும் இருக்கின்றன. நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் தூங்கி விழுவது, கைபேசியில் முடிந்துபோகும் சிநேகிதம், மலையாளத்தில் காதலித்துத் தமிழில் திட்டு வாங்குவது, சபாபதி கோயில் தெருவில் அப்பாவின் கடையை எடுத்து நடத்த மாட்டேன் என்று சொல்ல நினைத்தும் சொல்லாமல் ஷட்டரை இழுத்து மூடுவது. இவற்றை ஐம்பது வயதுக்காரர் ஞாபகத்திலிருந்து எழுதினால் மறுபடியும் சாட்சிதான் கிடைக்கும். ஹின்டனுக்குப் பதினைந்து வயதில் முடிந்தது. சாலைத் தமிழ்ப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் எழுதட்டும், பிழையோடும் மலையாளம் கலந்தும் எழுதட்டும். அதை அச்சிட ஒரு பதிப்பகமும், திருத்தாமல் வாசிக்கச் சில பெரியவர்களும் வேண்டும். அந்தப் பெரியவர்களில் ஒருவனாக இருக்க நான் தயார்.